சித்தப்பா சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

எங்கள் வீட்டில் சந்தேகப்படாத ஆள் கிடையாது. நூல் கடைக்காரர் எடை போடும்போது தராசை ஒரு தட்டுத் தட்டுகிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். தயிர்க்காரம்மா வரும் வழியில் வாய்க்காலில் நின்று தண்ணீர் கலந்துவிட்டுத்தான் வருகிறார் என்று அம்மாவுக்குச் சந்தேகம். என் சிலேட்டுக்குச்சியைப் பக்கத்து வீட்டுப் பெண் திருடித் தின்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். சின்னம்மா ஒருத்தர்தான் இதில் சேராமல் இருந்தார். சித்தப்பாவின் மனைவி. வெள்ளந்தி. கொழுந்தனார் முறைக்காரர்கள் ஏதாவது கதை கட்டிவிட்டால்கூட, 'அப்படீங்களா' என்று கேட்டு முழுசாக நம்பிவிடுவார். அவருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. வந்த பிறகு எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டார்.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா காட்டு வெள்ளாமையோடு நிற்காமல் பனியன் கம்பெனியும் போட்டிருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் மாட்டுச்சாளையை மாற்றிக் கட்டிய ஓட்டுக் கொட்டகை, அதில் கடகடவென்று சுற்றித் துணி பின்னும் சில மிஷின்கள், அவ்வளவுதான். மிஷினிலிருந்து இறங்குகிற துணி பழுப்பாக, எண்ணெய் வாடையோடு இருக்கும். அதைச் சலவைப்பட்டறைக்குக் கொண்டுபோய் வெளுத்து வாங்க வேண்டும். அது சித்தப்பாவின் வேலை. சாக்கில் சுற்றிய மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்து, பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டி, காலையில் கிளம்பினால் மத்தியானம் வருவார்.

பட்டறைக்குப் போக ஒரே வழிதான். எங்கள் வீதி முடிந்ததும் இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட வண்டித்தடம். இட்டேரி முடிகிற இடத்தில் தெற்கு வளவு என்கிற குடியிருப்பு. வளவைத் தாண்டினால் ரோடு. தெற்கு வளவுக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் சொல்வார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள்தான் எங்கள் காட்டில் பாடுபட்டார்கள், பட்டறைத் தொட்டியில் இறங்கி எங்கள் துணியை மிதித்தார்கள். அப்பாவைப் பெரிய பண்ணாடி என்பார்கள், சித்தப்பாவைச் சின்னப் பண்ணாடி என்பார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த சின்னப்பெண் என்னையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு தலைவர் இறந்துபோனார். எல்லாக் கிணற்றிலும் எல்லோரும் தண்ணீர் சேந்தலாம், எந்த வீதியிலும் யாரும் நடக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசி, கல்லடி பட்டு, ஜெயிலுக்கும் போய் வந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் சித்தப்பா தாராபுரத்தில் அவர் பேசிய கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அதிலிருந்து அவர் மேல் ஒரு பற்று. சேதி ரேடியோவில் வந்தபோது சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். திருப்பூரில் நடந்த மௌன ஊர்வலத்தில் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு நடந்தார். பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி தேடும்போது அப்பா பார்த்துவிட்டார்.

"அந்தாளு படத்த மாட்டறதுக்கு இது என்ன கட்சி ஆபீசா?" என்றார் அப்பா.

அண்ணனை எதிர்த்துப் பேசும் வழக்கமே சித்தப்பாவுக்கு இல்லை. படம் சின்னம்மாவின் தகரப்பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் போய்விட்டது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் தயிர்க்காரம்மா சின்னம்மாவிடம் நூல் விட்டுப் பார்த்தார்.

"உங்க ஊட்டுக்காரருக்குக் கால்ல ஏதாச்சும் நோவுங்களா?"

"இல்லீங்களே. ஏனுங்க?"

"இல்ல, வளவு வந்தா சைக்கிள உட்டு எறங்கிக்கறாரு. வளவு முடியற மட்டும் மூட்டையோட தள்ளிக்கிட்டே போறாரு. அக்கட்டால போயித்தான் மறுக்கா ஏறறாரு. தெனமும் பாக்கறேன். எனக்கென்னங்க, நான் ஒண்ணும் சொல்லல."

சொல்வதை எல்லாம் சொல்லிவிட்டு, சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட்டு, தயிரை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சின்னம்மா தயிர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். சட்டியை வாங்கி உள்ளே வைத்தது நான்தான்.

ஆம்பிளை ஒருத்தன் மூட்டையோடு சைக்கிளை விட்டு இறங்குகிறான் என்றால் யாரிடமோ நின்று பேசத்தான். சின்னம்மா அப்படித்தான் கணக்குப் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நோம்பிக்கு வருகிற சொந்தக்காரர்கள் சித்தப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய் எதையோ ஓதிவிட்டுப் போவதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அவர்கள் ஓதியது என்ன என்று அவருக்குத் தெரியும். இளையதாரம். அந்தப் பயம் நெஞ்சுக்குள் ஏற்கெனவே இருந்தது, தயிர்க்காரம்மா வந்து அதைக் கிளறிவிட்டார்.

சித்தப்பாவிடம் நேராகக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதையும் நேராகக் கேட்பதில்லை. சின்னம்மா என்னை உளவுக்கு அனுப்பினார். எள்ளுருண்டை செய்து தருவதாகப் பேச்சு. எனக்கு அம்மாவைவிடச் சின்னம்மாவைத்தான் பிடிக்கும். எள்ளுருண்டை இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை சித்தப்பாவுக்கு முன்னாலேயே ஓடிப்போய், இட்டேரி முடிகிற இடத்தில் கிளுவை வேலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தார். வளவின் முதல் வீடு தெரிந்ததும் பிரேக் பிடித்தார். இறங்கினார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் ஹேண்டில்பாரும் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். மூட்டைக் கனத்தில் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வளவுக்குள் வேடிக்கை இன்னும் பெரிதாக இருந்தது. அவர் வருவதைப் பார்த்ததும் வாசலில் தலை சீவிக்கொண்டிருந்த பெண்களைத் தாய்மார்கள் உள்ளே பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஒருவரும் அவரோடு பேசவில்லை. பாதி தூரம் போனபோது மூட்டை நழுவிச் சைக்கிளே கவிழப்பார்த்தது. குடத்தோடு வந்த ஒருத்தி, பச்சைச் சேலை கட்டியவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து மூட்டையைத் தாங்கிப் பிடித்தாள். சித்தப்பா ஏதோ சொன்னார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். வளவு முடிந்ததும் சித்தப்பா செருப்பைப் போட்டு, துண்டைத் தோளில் போட்டு, ஏறிப் போய்விட்டார்.

நான் வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சின்னம்மா ஒவ்வொன்றாக எடுத்து அலசினார்.

"செருப்ப எதுக்குக் கழட்டறாரு? கோயிலுக்குள்ளயா போறாரு? துண்ட இடுப்புல கட்டற அளவுக்கு அங்க யாரு பெரிய மனுசி இருக்கறா?"

எனக்கு எப்படித் தெரியும்.

"அந்தப் பச்சச் சேல ஆளு எப்படி அம்முணி இருந்தா?"

"ஒசரமா இருந்தா."

"அழகா?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்து ஆமாம் என்றேன். அழகாகத்தான் இருந்தாள். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எள்ளுருண்டை அதோடு போச்சு.

இரண்டு நாளில் விஷயம் வீட்டுக்குள் பரவிவிட்டது. ஆளாளுக்கு அவரவர் மனசில் இருப்பதைச் சித்தப்பா மேல் ஏற்றினார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் அம்மா. வளவு ஆட்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு தம்பி தனியாகக் கம்பெனி போடப் பார்க்கிறான் என்று அப்பா முடிவு கட்டினார். காட்டு ஆளை விட்டு வளவில் விசாரிக்கச் சொன்னார். விசாரித்தவன் ஒன்றும் தெரியவில்லை என்று வந்து சொன்னான். அது அப்பாவுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது.

சின்னம்மா அழுவதைப் பார்த்துவிட்டு அம்மா அப்பாவிடம் போய்ப் பொம்பளை விவகாரமாக இருக்குமோ என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது.

"அப்படி இருந்தாத்தான் என்ன? ஆம்பளன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்வான். பேசி முடிச்சு உட்டுரலாம். அதுக்குப் போயி மூக்கச் சிந்திக்கிட்டு."

ஆறுதல் என்று நினைத்து அம்மா இதை அப்படியே சின்னம்மாவிடம் வந்து சொன்னார். சின்னம்மா அன்று சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சித்தப்பா எப்போதும் போலவே இருந்தார். சாப்பிட்டார், கணக்காக மிஷினுக்கு எண்ணெய் போட்டார், எனக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தார். குத்தம் பண்ணினவனுக்குத்தான் இப்படி ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்க முடியும் என்றார் சின்னம்மா. எனக்கும் அது சரியாகப் பட்டது. பெருக்கல் சொல்லிக் கொடுக்கும்போது அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பேன், ஏதாவது தெரிகிறதா என்று.

மார்கழி பிறந்த சமயம் சின்னம்மா வெள்ளகோவிலுக்குக் கிளம்பினார். அது அவருடைய பிறந்த ஊர். தன் அம்மாவுக்குச் சீக்கு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார். எனக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் காதோடு உண்மையைச் சொன்னார்.

"இந்தத் தடவ போனா நான் வரமாட்டேன் கண்ணு. இன்னொருத்தி வந்து நிக்கற வாசல்ல நான் எதுக்கு நிக்கறது."

நான் அழுதேன். சின்னம்மா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவர் அழவில்லை. சடையை மட்டும் அன்று ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டார், தலையெல்லாம் வலித்தது.

பஸ் ஏற ரோட்டுக்குப் போக வேண்டும். சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொல்லிச் சித்தப்பாவைக் கேட்டார். கூடவே என்னையும் கூட்டிக்கொண்டார். அதில் ஒரு திட்டம் இருந்தது. பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு வளவில் இறங்காமல் போனால் திருட்டுத்தனம் உறுதி. பெண்டாட்டியை வைத்துக்கொண்டே இறங்கினால் துணிந்துவிட்டார் என்பது உறுதி. எப்படிப் போனாலும் சித்தப்பா தப்பிக்க வழி இல்லை.

என்னை முன்னால் பாரில் உட்கார வைத்து, சின்னம்மாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு சித்தப்பா மிதித்தார். துணிப்பை ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டு வந்தது. இட்டேரி முடிந்தது. சித்தப்பா பிரேக் பிடித்தார்.

"சித்த எறங்கு. நடந்து போயிரலாம்."

சின்னம்மா இறங்கினார். சித்தப்பா செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். பெண்டாட்டி பார்க்கிறாளே என்ற கூச்சம் கொஞ்சம் இருந்த மாதிரி தெரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. நாங்கள் மூன்று பேரும் வளவுக்குள் நடந்தோம். வழக்கம்போல வாசல்கள் காலியாயின.

பாதி தூரத்தில் ஒரு வயசாளி வந்து குறுக்கே நின்றார். குறுக்கே என்றால் வழியை மறித்து அல்ல. நாலு முழம் தள்ளி, வேலியோரம் ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு.

"ஒண்ணு கேக்கலாங்களா பண்ணாடி? கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க."

"எங்க மேல உங்களுக்கு என்னங்க வருத்தம்? எங்களாட்டவே நடந்து நக்கல் பண்றீங்கன்னு எங்க பசங்க சொல்றானுக. வேற எதுக்கோ வாரீங்கன்னு பொம்பளைங்க சொல்றாங்க. பெரிய பண்ணாடி ஊட்டு ஆளு வேற வந்து வெசாரிச்சுட்டுப் போறான். எங்களுக்கு என்னங்க தெரியும்? ஏறிப் போயிருங்க சாமி. எங்களுக்கு வம்பு வேண்டாம்."

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. இவ்வளவு நாள் தான் செய்தது இவர்களுக்கு நக்கலாகத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. சைக்கிள் மணியைத் தடவினார்.

"நக்கல் இல்லீங்க," என்றார். "தலைவரு செத்தப்போ உங்க மகனும் நானும் ஊர்வலத்துல ஒண்ணா நடந்தோம். ரெண்டு பேரும் அழுதோம். மக்யா நாளு அவரு எங்க வீதியில சைக்கிள உட்டு எறங்கி, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, தள்ளிக்கிட்டு வாராரு. எனக்கு எப்படியோ ஆயிருச்சு. ஏறிப் போங்கன்னேன். 'நான் ஏறிப் போனா எங்கய்யன அடிப்பாங்க'ன்னு சொல்லிட்டுத் தள்ளிக்கிட்டே போயிட்டாரு. அவர ஏத்தி உடற தெம்பு எனக்கில்லீங்க. எங்கண்ணன எதுத்து ஒரு வார்த்த பேசத் தெரியாதவன் நான். ஆனா நான் எறங்கறதுக்கு ஒருத்தரையும் கேக்க வேண்டியதில்ல பாருங்க. அவரு எங்க வீதியில எறங்கற வரைக்கும் நான் உங்க வீதியில எறங்கறதுன்னு வெச்சுக்கிட்டேன். தலைவரு படத்த மாட்ட எங்க ஊட்டுல எடம் இல்ல. என்னால ஆனது இதுதான்."

சித்தப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வயசாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுவார் என்றோ கும்பிடுவார் என்றோ நீங்கள் நினைக்க வேண்டாம். அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை.

"உங்களுக்கு மனசு ஆறுதுங்க. கேள்வி எங்களத்தானுங்களே கேக்கறாங்க," என்றார்.

"இனி கேட்டா என்னைக் கேக்கச் சொல்லுங்க. நானே சொல்லிக்கறேன்."

வயசாளி கட்டிய கையைப் பிரிக்காமலே வேலியோரமாகத் திரும்பி நடந்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் பச்சைச் சேலைக்காரி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. சின்னம்மா என் தோளை அழுத்தி, இவளா என்று கண்ணால் கேட்டார். தலையாட்டினேன். சின்னம்மா அவள் பக்கம் ரெண்டு எட்டு வைத்தார்.

"அன்னிக்கு மூட்டயப் புடிச்சது நீதானா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டாள்.

"ஆமாங்க. சாஞ்சு உழுந்துரும்னு புடிச்சுட்டனுங்க. தொட்டது தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

சின்னம்மா எதற்கு வந்தார், அவள் எதற்குப் பயந்தாள். சின்னம்மா அப்படியே திரும்பி வந்து சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார். வளவு முடியும் மட்டும் அவரும் சேர்ந்து தள்ளினார். மூட்டை இல்லாத சைக்கிளுக்கு இரண்டு பேர் தேவையில்லை.

ரோட்டில் வெள்ளகோவில் பஸ் வந்து நின்றது. சின்னம்மா ஏறவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்கம்மாவுக்குச் சீக்குன்னயே?" என்றார் சித்தப்பா.

"அதெல்லாம் இன்னேரம் நல்லாயிருக்கும்."

சொல்லிவிட்டுச் சின்னம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நாள் பயந்த பயமெல்லாம் அப்படித்தான் வெளியே வர வேண்டும் போலிருந்தது. எனக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. சின்னம்மா எங்கேயும் போகப்போவதில்லை. திரும்பி வரும்போது வளவு வந்ததும், சித்தப்பா பிரேக்கில் கை வைக்கும் முன்னால் சின்னம்மா கேரியரிலிருந்து குதித்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக்கு ஓடினார்.

"அக்கா, பொம்பளயும் இல்ல ஒண்ணும் இல்லீங்க்கா. நாமதான் கண்டதையும் நெனச்சுக்கிட்டோம்," என்று ஆரம்பித்து, செருப்பு, துண்டு, தலைவர், வயசாளியின் மகன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். நானும் பக்கத்தில் நின்று விட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் அப்பாவைக் கூட்டிவந்தார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா தூணோரம் நின்றார்.

"நெசமா?"

"ஆமாங்கண்ணா."

"செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு?"

"ஆமாங்கண்ணா."

"நாலு பேரு பாக்க?"

"ஆமாங்கண்ணா."

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"பொம்பள வெவகாரமா இருக்கட்டும்னு பழனிக்கு வேண்டிக்காதது ஒண்ணுதான் கொறை. அதுன்னா நான் முன்ன நின்னு முடிச்சு வெச்சிருப்பேன். இது ஊருக்குள்ள தெரிஞ்சா எவன்டா நம்மள மதிப்பான்? நாளைல இருந்து சைக்கிள்ல ஏறிப் போறதுன்னா இந்த ஊட்டுல இரு. எறங்கித்தான் போவேன்னா, கம்பெனிய மறந்துட்டு ஒரே அடியாப் போயிரு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சரிங்கண்ணா என்பார். அதைத் தவிர அப்பாவிடம் வேறு எதுவும் அவர் சொன்னதில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது சின்னம்மா அடுப்படி வாசலைத் தாண்டி வெளியே வந்தார். இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் புருஷனுடைய அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. சோறு போட வேண்டுமா என்று கேட்க வேண்டுமென்றாலும் சின்னம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'அக்கா, கேளுங்க' என்று என் அம்மாவிடம்தான் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்பா அவர் குரலை நேராகக் கேட்டதில்லை. அன்றைக்கு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"வாரப்ப நானுந்தானுங்க மாமா எறங்கி நடந்தேன். சொல்றதா இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க."

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். சொல்ல இனி எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

தை பிறக்கும் முன்பே அவர்கள் திருப்பூருக்கு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். சொந்தக் கம்பெனியில் முதலாளி தம்பியாக இருந்தவர் வேறு யாருடைய கம்பெனியிலோ மிஷின் ஓட்டப் போனார். அவர்கள் சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னைப் பிடித்து இழுத்து வந்தார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பொம்பளை இல்லை என்று தெரிந்தாகிவிட்டதே, சின்னம்மாவும் திரும்பி வந்துவிட்டாரே, பின் எதற்கு இந்தக் கோபம். அம்மாவிடம் கேட்டேன். "வாய மூடிக்கிட்டு இரு" என்றார். அதனால் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இவ்வளவு பெரிய கோபத்துக்கு இவ்வளவு சின்னக் காரணம் இருக்க முடியாது. செருப்பு, துண்டு என்பதெல்லாம் எனக்குச் சொன்ன கதை. உண்மையிலேயே ஒரு பொம்பளை இருக்கிறாள், பெரியவர்கள் எல்லோரும் கூடி என்னிடம் மறைக்கிறார்கள். பச்சைச் சேலைக்காரி மேல் எனக்கிருந்த சந்தேகம் முன்னைவிட வலுத்தது.

அவர்கள் போன மறுநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வளவிலிருந்து அந்த வயசாளியின் மகன் வந்தார். எங்கள் வீதி ஆரம்பிக்கிற இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். சித்தப்பாவின் ரகசியம் இவருக்காவது தெரிந்திருக்கும் என்று, கண் எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் இறங்கி நடக்கிறார் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.